ஆரு குடுக்கறாங்க காசு?

எங்கள் வீட்டில் இரண்டு பொருள்களுக்காக சர்க்காருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒன்று அப்பாவின் சைக்கிள், மற்றது ரேடியோ. சைக்கிள் வரியைக் கட்டினால் சின்னத் தகர வில்லை ஒன்று தருவார்கள்; அதைக் கம்பியால் முறுக்கி ஹேண்டில்பாருக்குக் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும். ரேடியோவுக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் புத்தகம்; வருசத்துக்குப் பதினைந்து ரூபாய். டிவி வைத்திருக்கும் பட்டணத்து வீடுகளுக்கு ஐம்பது. வில்லை இல்லாத சைக்கிளில் ஏறி ரேடியோ லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவது முறையில்லை என்று அப்பா முதலில் சைக்கிளுக்குக் கட்டுவார். அப்புறம் அதே சைக்கிளை மிதித்துக்கொண்டு ரேடியோவுக்குக் கட்டப் போவார். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அது பெட்ரோலே குடிக்கறதில்லையேங்க பெரியப்பா, அதுக்கு எதுக்குங்க வரி?" என்று கண்ணை விரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

தமிழ்நாட்டில் வீரபாண்டிகள் பல. தேனிப் பக்கம் ஒன்று, சேலத்துப் பக்கம் ஒன்று. எங்களுடையது திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் ரோட்டிலிருந்து பிரிகிற வீரபாண்டி. அந்த நாளில் காலை எட்டு மணிக்குப் பிரிவில் நின்றால், சின்னக்கரைப் பக்கமிருந்தும் நொச்சிபாளையம் பிரிவிலிருந்தும் வந்த சைக்கிள்கள் எங்கள் ஊர் சைக்கிள்களோடு ஒன்றுகூடித் தென்னம்பாளையம் வழியாக டவுனுக்குள் போவதைப் பார்க்கலாம். ஹேண்டில்பாரில் ஆளுக்கொரு தூக்குப்போசி தொங்கும், கேரியரில் ஒரு துண்டு, பின்சக்கரத்து அச்சில் சுற்றிய பனியன் வேஸ்ட். ஊரெல்லாம் சைக்கிள் துடைக்கப் பழந்துணி தேடுவார்கள். எங்களுக்கு மட்டும் வெள்ளையாக, மெதுமெதுவென்று, பஞ்சுமணம் மாறாத துணி எப்போதும் கையிலிருந்தது. சிவப்பு வேஸ்ட் கிடைத்தவன் அன்று தன் சைக்கிளைத் தேர் ஜோடிப்பதுபோல ஜோடித்துக்கொண்டு வருவான். பனியன் கம்பெனி வாசலில் வரிசையாக நிறுத்திய நூற்றுக்கணக்கான கறுப்பு சைக்கிள்களுக்கு நடுவே, அச்சில் சுற்றிய துணியின் நிறத்தை வைத்தே அவரவர் வண்டியை அடையாளம் கண்டுகொள்வோம்.

சொந்த சைக்கிள் வருவதற்கு முன்னால் வாடகை சைக்கிள். மணிக்கணக்கில் கொடுப்பார்கள், பெயரை ஒரு நோட்டில் எழுதி, நேரத்தையும் எழுதி, மட்காடில் வெள்ளை பெயிண்டால் போட்ட எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்கிற கடைக்காரரிடம் பயமும் பக்தியும் சேர்ந்தே இருக்கும். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுடைய வலது முழங்காலுக்கு இந்நேரம் ஏதாவது ஞாபகம் வந்திருக்கும். பஞ்சர் ஒட்டும்போது ட்யூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று நான்கு தலைகள் சேர்ந்து குனிந்து பார்க்கும் சந்தோஷம், போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்கையில் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிச் சுழல்வதைப் பார்க்கும் திருப்தி, இவற்றுக்கு அன்று விலை ஏதும் கிடையாது. கடைக்கு வெளியே நின்றாலே போதும்.

நான் கைமடியாகச் சேர்ந்தவன். பவர் டேபிளில் டைலர் அடிக்க அடிக்க, மடித்துக் கொடுப்பதும் எடுத்து அடுக்குவதும் வேலை. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். திரும்பும்போது பல்லடம் ரோட்டில் இருட்டு. டைனமோ உள்ளவன் முன்னால் போக, இல்லாதவர்கள் அந்த வெளிச்சத்தின் நிழலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவோம். இரண்டு பேர் இணையாக மிதித்துக்கொண்டு பேசுவதில் ஒரு நிதானம் இருந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, மூச்சு வாங்கினால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம், மேட்டில் இறங்கித் தள்ளும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். எங்கள் அண்ணன் தனக்குப் பெண் பார்த்திருக்கும் செய்தியை என்னிடம் சொன்னது அப்படி ஒரு மேட்டில்தான். மோட்டார் வண்டி வாங்கிய பிறகு அண்ணனும் நானும் இரவில் எவ்வளவோ தடவை ஒன்றாக வந்திருக்கிறோம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தியதைத் தவிரப் பேசியதாக ஒன்றும் நினைவில்லை.

எங்கள் தெருவுக்கு டிவியும் சைக்கிளில்தான் வந்தது. சனிக்கிழமை சம்பளம். கையில் காசு வந்த இரவில் ஐந்தாறு வீட்டுப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டவுனில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்போம். டிவியைக் கேரியரில் வைத்துப் பழைய ட்யூபை நீளமாக வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டி, ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடிக்க, ஒருவன் டிவியைப் பிடிக்க, இன்னொருவன் டெக்கைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க, தென்னம்பாளையத்திலிருந்து வீரபாண்டி வரைக்கும் அது ஒரு ஊர்வலம். விடிய விடிய மூன்று படம். முதல் படத்துக்குத் தெருவே உட்கார்ந்திருக்கும். இரண்டாவதில் பிள்ளைகள் பாயில் சாய்ந்துவிடும். மூன்றாவதைக் காசு கொடுத்தவர்கள் மட்டும், கொடுத்த காசுக்காகவாவது, கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்து முடிப்பார்கள். அந்த டிவிக்கு யார் பணம் கொடுத்தார் என்பதில் எந்த மர்மமும் இல்லை. கொடுத்தவன் முன்வரிசையில் இருந்தான்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அது சென்னைக்காரர்களின் சமாசாரமாகவே வெகுநாள் இருந்தது. எண்பதுகளின் நடுவில் நாடு முழுக்க ஒளிபரப்புக் கோபுரங்களை வேகவேகமாக நட்டார்கள். கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்துத் தெற்கே திரும்பிய ஆண்டெனாக்கள் எங்கள் ஓட்டுக்கூரைகளின் மேல் முளைக்கத் தொடங்கியபோது, அந்த ஐம்பது ரூபாய் லைசென்ஸையும் ரேடியோ லைசென்ஸையும் சர்க்கார் எடுத்தே விட்டிருந்தது. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிவிடும். ஒருவன் கூரைமேல் ஏறிக் குழாயைத் திருப்ப, கீழே இருப்பவன் "வந்துருச்சு, வந்துருச்சு... போயிருச்சு" என்று கத்த, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பாதி பாட்டிலாவது பிடித்துவிடுவோம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தால் யாரும் எழுந்து போவதில்லை. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்த பொறுமை எங்கிருந்து வந்ததென்று இன்று வரைக்கும் எனக்கு வியப்புதான்.

1987இல் 'ராமாயணம்' வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, டிவி உள்ள வீட்டுத் திண்ணையில் எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், தலைக்குக் குளித்து ஈரத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார். இந்தி புரியாது, கதை தெரியுமே. ஒருநாள் பாதியில் சோப்பு விளம்பரம் வந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, சினிமாவுக்கு நாம டிக்கெட் எடுக்கறோம். கூத்துக்கு ஊருல வரி போடறோம். இவ்வளவு நகை நட்டு போட்டு ராமரைக் காட்டறாங்களே, இதுக்கு ஆரு குடுக்கறாங்க காசு?" "கவர்மெண்டு குடுக்குது அமுச்சி" என்றேன். அவர் விடவில்லை. "கவர்மெண்டு என்னத்துக்கு சோப்பு விக்கிது?"

அந்தக் கேள்விக்கு முறையான பதில் எனக்குத் தெரிய இன்னும் சில வருசம் ஆயிற்று. தூர்தர்ஷன் 1976லேயே விளம்பரம் வாங்க ஆரம்பித்திருந்தது. 1984இல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரோடு இன்னொரு வழி திறந்தது: தொடரை எடுக்கும் செலவை ஒரு கம்பெனி ஏற்றுக்கொள்ளும், அதற்குப் பதிலாக அந்தத் தொடருக்கிடையே தன் சரக்கை விளம்பரம் செய்துகொள்ள நேரம் பெறும். அந்தத் தொடருக்குப் பின்னால் நின்றது மேகி நூடுல்ஸ். அப்புறம் எல்லாத் தொடர்களும் அதே பாதையில் போயின. ஆக, ராமருக்கு முடி சூட்டிய காசு சோப்பு வாங்கியவன் காசு. அமுச்சி சோப்புக்கு மாறாமல் கடைசிவரை சீயக்காயோடும் அரப்போடும் நின்றுவிட்டவர்; ராமாயணம் முழுவதையும் செலவில்லாமல் பார்த்து முடித்த ஒரே ஆள் எங்கள் தெருவில் அவராகத்தான் இருக்கும்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. அதோடு கேபிள்காரர் வந்தார். அவரும் சைக்கிளில்தான், தோளில் கறுப்பு வயர்ச் சுருள், கேரியரில் ஏணி, சட்டைப்பையில் சிறு ரசீது நோட்டு. மாதம் பிறந்தால் வீடு வீடாக வந்து வாசலில் மணியடிப்பார். சைக்கிள் மணிச் சத்தத்தை வைத்தே பால்காரரா, தபால்காரரா, கேபிளா என்று உள்ளேயிருந்து சொல்லிவிடலாம். இப்போது டிவிக்கு இரண்டு பக்கமிருந்து காசு போனது: நாம் கேபிளுக்குக் கொடுப்பது ஒன்று, சோப்பிலும் டீத்தூளிலும் கலந்து கொடுப்பது இன்னொன்று.

தமிழில் தொடர்கள் எடுக்கப்பட்ட விதம் ஒரு தொழில்காரனாக எனக்குச் சுலபமாகப் புரிந்தது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட எங்கள் ஜாப் ஒர்க் கணக்குதான். தயாரிப்பாளர் சேனலிடமிருந்து அரைமணி நேரத்தை விலைக்கு வாங்குவார். தொடரைத் தன் செலவில் எடுப்பார். அந்த அரைமணிக்குள் அவருக்குச் சில நிமிட விளம்பர நேரம் கிடைக்கும்; அதை அவரே விற்றுப் போட்ட காசை எடுத்துக்கொள்ள வேண்டும். கதை நன்றாக ஓடினால் அந்த நிமிடங்களின் விலை ஏறும், ஓடாவிட்டால் நஷ்டம் அவர் தலையில். எங்களுக்குப் பீஸ் ரேட் என்றால் அவர்களுக்கு எபிசோட் ரேட். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஒரு பங்களாவை நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே கூடத்தை ஒருநாள் நாயகி வீடாகவும் மறுநாள் வில்லி வீடாகவும் திரைச்சீலை மாற்றி எடுத்து, ஒருநாளில் ஒரு எபிசோடை எப்படியாவது முடித்து அனுப்புவார்கள். ஷிப்மெண்ட் தேதிக்கு முதல்நாள் இரவு கம்பெனியில் நடப்பதைப் பார்த்தவனுக்கு, ஒரு அதிர்ச்சிச் செய்தியைக் கேட்ட ஆறு முகங்களை மூன்றுமுறை சுற்றிச் சுற்றிக் காட்டுவது எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நீளம் குறைகிறது, துணி போதவில்லை, இழுத்துத் தைக்கிறார்கள். அப்படி இழுத்தும் நடுநடுவே உண்மையான வாழ்க்கையைக் காட்டிவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கலைஞர்களின் சாமர்த்தியம். ராதிகாவின் ராடான் எடுத்த 'சித்தி' 1999இல் தொடங்கியது. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனைப் பார்த்து, செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்த எத்தனை அக்காக்கள் தங்கள் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள் என்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும் எங்களுக்கு அந்தத் தொடர்களை உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை. ஆனால் ஒன்றும் தவறவில்லை. எல்லா வீட்டிலும் அதே தொடர், எல்லாக் கதவும் திறந்தே இருக்கும், சைக்கிளின் வேகமோ மனிதன் கேட்கும் வேகம். முதல் வீட்டில் மாமியார் ஆரம்பித்த வசனத்தை நாலாவது வீட்டில் முடிப்பார். மருமகளின் அழுகை கோயில் முக்கில் கேட்கும். 'தொடரும்' இசை எங்கள் வாசலில் ஸ்டாண்டு போடும்போது வரும். டிவிஎஸ் 50 வாங்கிய பிறகு அந்தத் தொடர்கள் எல்லாம் எனக்கு விட்டுப்போய்விட்டன.

அமுச்சியின் கேள்விக்கு முழுப் பதிலை நான் கண்டது எங்கள் பவர் டேபிளிலேயே. டிவியில் சோப்புக்கும் டீத்தூளுக்கும் நடுவே பனியன், ஜட்டி, வேட்டி விளம்பரங்கள் வரத் தொடங்கின. 1983இல் தொடங்கிய எங்கள் திருப்பூர் ராம்ராஜ் வேட்டியும் அவற்றில் ஒன்று. வெள்ளை வேட்டியில் நடிகர்கள் நடந்து வருவதைப் பார்க்கையில் இந்த ஊர்க்காரனுக்கு முதுகு தானாக நிமிரும். ஒரு பனியனின் விலையில் நூலுக்கு இவ்வளவு, நிட்டிங்குக்கு இவ்வளவு, சாயத்துக்கு, தையல் கூலிக்கு, அயர்னுக்கு, பெட்டிக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் விளம்பரத்துக்கு என்று ஒரு பங்கு நிற்கும். அந்தப் பங்கு சேனலுக்கும் தயாரிப்பாளருக்கும் போய், வாடகை பங்களாவுக்கும் கிளிசரினுக்கும் போகிறது. எங்கள் செக்கிங் அக்கா பகலில் பிசிறு வெட்டிய பனியன்தான் இரவில் அவரை அழவைத்த தொடருக்குப் பணம் கொடுத்தது. வாங்கிப் போட்டவனும் கொடுத்தான், தைத்தவளும் கொடுத்தாள். அமுச்சி இருந்திருந்தால் இதை விளக்கமாகச் சொல்லியிருப்பேன்; அவர் அதற்குள் போய்விட்டார்.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை எப்படி அறிகிறார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம். நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் பெட்டி வைத்திருக்கிறார்கள். 2015 முதல் பார்க் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. வியாழக்கிழமைதோறும் புள்ளி வரும். அந்தப் புள்ளி விழுந்தால் ஒரு தொடரின் நாயகிக்குத் திடீரென்று விபத்து நடக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று வெளியே தெரியக்கூடாது என்பதே விதி. வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து, பிடிக்காததைப் பார்த்தால் "எழுந்திரிங்க, போலாம்" என்று அமுச்சி கூட்டத்தையே கலைத்த நாளில் அபிப்பிராயம் இன்னும் வெளிப்படையாக இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் சர்க்கார் செய்ததுதான். அப்பாவிடம் வருசாவருசம் வரி வாங்கிய அதே சைக்கிளை, 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் சும்மாவே கொடுக்க ஆரம்பித்தது. லைசென்ஸ் கேட்ட அதே டிவியை 2006இலிருந்து வீடு வீடாக, பதினான்கு அங்குல வண்ணப்பெட்டியாக இலவசமாகக் கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தது. கிண்டல் செய்தவர்கள் உண்டு, நான் செய்யவில்லை. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது என்ன நடந்ததோ, அதுவே இந்தச் சைக்கிள்களால் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கும் நடந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்து படிப்பை நிறுத்தியவர்கள் குறைந்தார்கள். என் அண்ணன் மகள் அந்தச் சைக்கிளில்தான் பிளஸ் டூ முடித்தாள். பெடலை அழுத்தி எழுந்து நின்று மேட்டில் ஏறும் அவளை டீக்கடைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்த முதல் வாரத்துக்கும், திரும்பிப் பார்க்காத மூன்றாம் மாதத்துக்கும் இடையில் ஊர் ரொம்ப தூரம் நகர்ந்திருந்தது.

அதே வருசங்களில் பெரியவர்கள் சைக்கிளை விட்டிறங்கினார்கள். கம்பெனி வேன் வாசலுக்கே வந்தது, தவணையில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது, 2008இல் திருப்பூர் மாநகராட்சியாகி 2011இல் எங்கள் வீரபாண்டியையும் சேர்த்துக்கொண்டது. ரோடு அகலமானது; அகலமான அளவுக்கு சைக்கிளுக்கான ஓரம் குறுகியது. 2020 ஊரடங்கில் எல்லாம் ஒரு தடவை திரும்பி வந்தன. மார்ச் 28 அன்று தூர்தர்ஷன் பழைய 'ராமாயண'த்தையே மறுபடி போட்டது. நாடெங்கும் வேலையிழந்தவர்கள் இருந்த காசில் சைக்கிள் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த சொந்த ஊருக்கு மிதித்தார்கள். அந்த ஜூன் 3, உலக சைக்கிள் தினம். அன்றைக்குத்தான் அட்லஸ் சைக்கிள் கம்பெனி சாகிபாபாத்தில் மிஞ்சியிருந்த தன் கடைசித் தொழிற்சாலையையும் நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் அப்பாவின் தகர வில்லைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது வீரபாண்டியில் இரண்டு வகை சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் முதலாளிகளும் டாக்டர்களும், கியர் வைத்த வண்டியில், உடம்போடு ஒட்டிய பளபளப்பு உடையில் போகிறார்கள். அந்தத் துணியும் இங்கே யாரோ நிட்டிங் செய்ததாக இருக்கலாம் என்று எண்ணி நான் மகிழ்ந்து பார்ப்பேன். எட்டு மணிக்கு மேல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள், பழைய சைக்கிளில், கேரியரில் ஒருவனை ஏற்றிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பெட்டி தொங்குகிறது. இரண்டு பேர் இணையாக மிதித்துக்கொண்டு பேசுகிறார்கள், மொழி எனக்குப் புரியவில்லை, மேட்டில் இறங்கித் தள்ளுவது மட்டும் அப்படியே இருக்கிறது. இரவில் அவர்கள் அறை வாசலில் உட்கார்ந்து ஒரே செல்போனில் மூன்று தலைகள் சேர்த்து எதையோ பார்க்கிறார்கள். ரீசார்ஜ் காசு ஒருவன் போட்டிருப்பான்; மற்ற இருவர் அதற்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நடுவில் விளம்பரம் வரும்போது கட்டைவிரலால் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், ஐந்து நொடி ஆகாமல் அது போவதில்லை.

பிரிவில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என்னைவிட வயதில் சின்னவர். பள்ளிக்கூடச் சைக்கிள்கள் பழசாகி வருவதை வாங்கி, ஓவராயில் பண்ணி, புது டயர் போட்டு இந்தப் பையன்களுக்கு விற்கிறார். "கணக்குல இன்னும் நம்ம சைக்கிள் ஓடிட்டுத்தானுங்கண்ணா இருக்குது, ஆளுதான் மாறியிருக்குது" என்றார். மாலையில் ஷிப்ட் விட்டு வரும்போது பல்லடம் ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போவதில் இரண்டு பையன்கள் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ரோட்டோரத்தில் நாலடி, மண்ணாக இருந்தாலும் சமமாக, பிரிவிலிருந்து தென்னம்பாளையம் வரை விட்டுக்கொடுத்தால் போதும் என்கிறார். நானும் அதையே மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்; வேண்டுமானால் சைக்கிளுக்கு வரியையும் மறுபடி போட்டுக்கொள்ளட்டும், தகர வில்லையைக் கட்டிக்கொள்ள இந்த ரோட்டில் ஆள் இருக்கிறது.